இரண்டு காலேஜுக்கு நடுவே

"எங்க சார் கையெழுத்து போடணும்?"

பன்னிரண்டு குடும்பத்தில் முதல் ஆளாக எழுந்து நின்று கேட்டவன் இருசப்பன்தான்.

மற்ற பதினோரு குடும்பமும் அவனையே பார்த்தது.

சாலவாக்கம் போகிற ரோட்டில் இந்தப் பக்கம் ஒரு அரசு பாலிடெக்னிக். அந்தப் பக்கம் கூப்பிடு தூரத்தில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி. இரண்டையும் இணைத்து ஒரே பல்கலைக்கழக வளாகமாக ஆக்குவதென்று 2001-ல் உத்தரவு வந்தது. இரண்டுக்கும் நடுவில் கிடந்த புறம்போக்கில்தான் இருளர் குடிசைகள்.

"இணைக்கணும்னா நடுவுல எதுவும் இருக்கக் கூடாது" என்றார்கள் அதிகாரிகள். ஏரிக்கு அப்பால் மாற்று இடம். கூடவே, காலி செய்யச் சம்மதித்து முதலில் கையெழுத்துப் போடும் ஒரே ஒருத்தருக்கு வளாகத்தில் வாட்ச்மேன் வேலை.

அந்த வேலை இருசப்பனுக்குப் போனது.

குடிசையையும் அவனே முதலில் பிரித்தான். சட்டிபானையைத் தலையில் ஏற்றிக்கொண்டு கிளம்பிய அவன் தங்கச்சி அம்முலு, நின்று அவன் காலடியில் காறித் துப்பினாள்.

"நாங்க எல்லாத்தையும் வுட்டுட்டுப் போறோம். நீ காக்கி சட்ட மாட்டிக்கினு கேட்டுல நில்லு. இனிமே எனக்கு அண்ணன்னு ஒர்த்தன் கெடையாது."

அடுத்த வாரம் இருசப்பன் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டான்.

ஆறு மாதத்தில் இரண்டு பழைய பெயர்ப்பலகைகளையும் கழற்றிவிட்டு, ஒரே பெரிய பலகையாக மாட்டினார்கள். இரண்டு பக்கத்துக்கும் நடுவே ஒரு ரோடு போடுவதுதான் பாக்கி. திறப்பு விழாவுக்குப் பத்தே நாள்.

இன்ஜினியர் அரவிந்தன் கறாரான மனுஷன். ஒரு அங்குலம் தப்பினாலும் போட்டதைப் பெயர்க்கச் சொல்லுவார். பிளானில் ரோடு நேர்கோடு. தரையிலும் சுண்ணாம்புக் கோடு நேராகவே ஓடி வந்து, முள்ளுப் புதர் மண்டிய ஒரு மேட்டில் ஏறியது.

இருசப்பன் குறுக்கே வந்து நின்றான்.

"இந்தப் பக்கம் வாணாம் சார். நல்ல பாம்பு கீது."

பொக்லைன் டிரைவர் பிரகாஷ் சிரித்தான். "இன்னாபா, உங்காளுங்களே பாம்புக்கு பயந்தா எப்புடி? புடிச்சிப் போடு."

"நான் புடிக்க மாட்டேன்."

பாம்பு என்றதும் கூலியாட்கள் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டார்கள். அன்றைக்கு வேலை நின்றது. மறுநாளும் நின்றது.

மூன்றாம் நாள் அரவிந்தன் ஒரு தடியோடு வந்தார்.

"வாய்யா, நீயும் வா. புத்து எங்க இருக்குன்னு காட்டு."

முள்ளை ஒதுக்கிக்கொண்டு இருவரும் மேட்டின் மேல் ஏறினார்கள். புதருக்குள் கொஞ்சம் வெட்டவெளி. புற்றும் இல்லை, பொந்தும் இல்லை.

"எங்கய்யா பாம்பு? வேலைய நிறுத்தச் சொல்லி எவன் சொல்லிக் குடுத்தான்? மேல எழுதினேன்னா இன்னைக்கே உன் வேலை போயிடும், தெரியுமா?"

"பாம்பு இல்ல சார்."

"அப்புறம்?"

"கொஞ்சம் கால எடுங்க சார். அது மேல நிக்கிறீங்க."

அரவிந்தன் குனிந்து பார்த்தார். ஷூவுக்கு அடியில் மண்ணில் பாதி புதைந்த ஒரு கல். பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. வரிசையாக ஏழு. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு முழம், ஒன்றரை முழத்துக்குச் சின்னச் சின்ன மேடு.

"அஞ்சு வருசத்துக்கு முன்னாடி, மழ காலத்துல, வாந்தி பேதி வந்துச்சி சார். ஒரே வாரத்துல ஏழு புள்ளைங்க. கடசி ரெண்டும் எந்தங்கச்சி அம்முலுவோடது."

அரவிந்தனுக்குக் குரல் இறங்கிவிட்டது. "இதை அப்பவே ஏன்யா சொல்லல?"

"சொன்னோம் சார். ரெக்கார்டுல தரிசுன்னுதான் கீது, சுடுகாடுன்னு இல்லன்னுட்டாங்க. எப்பிடியும் எங்கள கெளப்பத்தான் போறாங்க, தெரிஞ்சி போச்சி. வேல ஒரு ஆளுக்குத்தான்னாங்க. உள்ள எங்காளு ஒர்த்தன் இருக்கணும்ல சார்? அதான் மொதல்ல எயுந்து நின்னேன்."

"உன் தங்கச்சிக்குத் தெரியுமா?"

"எல்லாத்தையும் நெரவிட்டாங்கன்னு நெனச்சிக்கினு கீது. இருக்குதுன்னு சொன்னா ஓடியாந்து வுயுந்து அயுவும். அப்பறம் ஊருக்கே தெரிஞ்சிடும். தோண்டி எடுத்துக்கினு போங்கன்னுவாங்க."

அவன் கல்லைப் பார்த்தபடி நின்றான்.

"எல்லாம் சின்னச் சின்னப் புள்ளைங்க சார். இத்தினி வருசம் கயிச்சித் தோண்டினா இன்னா கெடைக்கும்? அதுக்கு பதிலா அம்முலு என்னத் திட்டிக்கினே இருக்கட்டும்."

அரவிந்தன் மேட்டிலிருந்து இறங்கினார். கீழே கூலியாட்கள் கூட்டமாக நின்றார்கள். பிரகாஷ் வண்டியை ஸ்டார்ட் பண்ணி வைத்திருந்தான்.

"இன்னா சார், புளுகுதான? நேரா வுட்டுடவா?"

அரவிந்தன் தரையில் இருந்த சுண்ணாம்புக் கோட்டைக் காலாலேயே தேய்த்து அழித்தார்.

"ரோட்டை வளைச்சுப் போடுங்க. ரெண்டு பாம்பு, என் கண்ணால பார்த்தேன்."