டாக்டரம்மாவின் ஓய்வு

"என்ன டாக்டரம்மா, இன்னிக்கு எத்தனை உயிரைக் காப்பாத்தினீங்க?"

கரியடுப்பில் சாசேஜைப் புரட்டிக்கொண்டே டிராவிஸ் கேட்டான். பக்கத்தில் பியரும் கையுமாக நின்றிருந்த அவன் தம்பி டீன் சிரித்தான்.

ஜோலீன் கொல்லைப் புல்வெளியில் மடக்கு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, பிள்ளைகளின் பிளாஸ்டிக் தொட்டியில் காலை விட்டபடி சாய்ந்திருந்தாள். கன்சாஸ் வெயிலில் குட்டையில் இறங்கிய எருமைகூட இத்தனை சுகமாகக் கிடக்காது என்று நினைத்தான் அவள் புருஷன் டிராவிஸ்.

மே மாதம் மருந்துக்கடை வேலையை விட்டாள். ஆகஸ்டில் கல்லூரி. முதலில் வேதியியலும் உயிரியலும், பிறகு நுழைவுத் தேர்வு, அதற்கும் பிறகுதான் மருத்துவப் படிப்பு. ரெண்டு பிள்ளை பெற்றவள் அதையெல்லாம் முடித்து வருவதற்குள் தலை நரைத்துவிடும்.

நடுவில் கிடைத்த இந்தக் கோடையை உருப்படியாகக் கழிக்கப்போகிறேன் என்றாள்.

கழி, பார்ப்போம் என்று டிராவிஸும் இருந்தான். பார்த்துக்கொண்டும்தான் இருந்தான்.

எதிர்வீட்டு கெல்சியும் இதே படிப்புக்குத்தான் போகிறாள். சின்னப் பெண். கோடை முழுக்க ஆஸ்பத்திரியில் சம்பளமில்லாமல் சக்கர நாற்காலி தள்ளுகிறாள். பஸ்ஸுக்கு நிற்கும்போதுகூடக் கையில் புத்தகம். படிக்கப்போகிறவளுக்கு அதுதான் லட்சணம்.

இவள் புத்தகத்தைத் தொட்டதையே அவன் பார்க்கவில்லை.

நாலு வயது ஹேட்டி தண்ணீர் கேட்டால், நீயே எடுத்துக்கொள் என்பாள். பால் கொட்டினால் எழுந்திருக்க மாட்டாள். துணி இருக்கிற பக்கம் கண்ணைக் காட்டுவாள். போன ஞாயிறு ஹேட்டி கவுனை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு சர்ச்சுக்கு வந்தது. ஊரே பார்த்தது. பெற்றவளும் பார்த்தாள், அவ்வளவுதான்.

பெரியவள் கார்லிக்கு ஒன்பது வயது. அடுப்படியில் ஸ்டூல் போட்டு நின்று மக்ரோனி கிண்டுகிறாள். சாயங்காலம் டிராவிஸ் எரிவாயு லாரியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தால், மகாராணி சோபாவில் இருப்பாள். பிள்ளைகள் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்.

வேலையை விட்ட புதிதில் ஒரு தடவை அவனிடம் கேட்டாள். "சனிக்கிழமைல வீட்ல இரேன். பிள்ளைங்க வேலையெல்லாம் உனக்குச் சொல்லித் தர்றேன்."

"இதுல கத்துக்க என்ன இருக்கு? கழுதைகூடத்தான் குட்டியை வளக்குது" என்று சொல்லிவிட்டு அவன் மீன்பிடிக்கக் கிளம்பினான்.

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. சோம்பேறிகள் ரெண்டாம் தடவை கேட்பதில்லை.

"காலேஜுக்குப் போகட்டும்டா," என்றான் தம்பியிடம், அவள் காதில் விழட்டும் என்றே. "மொதப் பரீட்சையிலயே மூக்கு உடைஞ்சு திரும்பி வருவா. மருந்துக்கடைலயும் வேலை இருக்காது. அப்பத் தெரியும்."

டீன் இன்னொரு முறை சிரித்தான்.

ஊஞ்சல் பக்கம் தொப்பென்று சத்தம் கேட்டது.

ஹேட்டி விழுந்து, தானே எழுந்து நின்றாள். முழங்காலில் தோல் வழன்று ரத்தம் இறங்கியது. அதைப் பார்த்த பிறகுதான் அழுகை வந்தது. அழுதுகொண்டே ஓடிவந்தாள்.

தாயைத் தாண்டி ஓடினாள்.

கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில்தான் தாண்டினாள். நிற்கவில்லை, திரும்பவில்லை. நேராக வந்து டிராவிஸின் காலைக் கட்டிக்கொண்டாள்.

"அம்மாகிட்ட போம்மா. அப்பா நெருப்புகிட்ட நிக்கிறேன்ல?"

"அம்மா இல்ல."

"அதோ உக்காந்திருக்காளே!"

"இது அம்மா இல்லாத வெளையாட்டுப்பா." ஹேட்டி மூக்கை உறிஞ்சினாள். "தெனமும் வெளையாடறோமே. அம்மா கிளாஸுக்குப் போயிட்டாங்க. அடிபட்டா அப்பாகிட்டதான் வரணும்."

டிராவிஸ் நிமிர்ந்து ஜோலீனைப் பார்த்தான். முதுகுதான் தெரிந்தது. நாற்காலியின் இரண்டு கைகளையும் விரல் கணு வெளுக்கப் பிடித்துக்கொண்டிருந்தாள். கால்கள் தொட்டியைவிட்டு வெளியே வரவில்லை. தண்ணீர் மட்டும் நடுங்கிக்கொண்டே இருந்தது.

டீன் அண்ணன் கையிலிருந்த இடுக்கியை வாங்கிக்கொண்டான்.

ஹேட்டி அப்பாவின் விரலைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்துப் போனாள். குளியலறையில் அவன் மேல் அலமாரியைத் திறந்தான். கீழ் அலமாரியைத் திறந்தான். ஷாம்பு பாட்டிலைத் தட்டிவிட்டான். தேடி முடிக்கட்டும் என்று காத்திருந்துவிட்டு, ஹேட்டியே துண்டுக் கூடைக்குப் பின்னால் கையை விட்டு பிளாஸ்திரி டப்பாவை எடுத்துக் கொடுத்தாள்.

"மொதல்ல கழுவணும். அப்புறம் ஊதணும். அப்புறம்தான் ஒட்டணும்."

மண்டியிட்டுக் கழுவினான். ஊதினான். பிளாஸ்திரியைப் பிரித்தபோது அது சுருண்டு அவன் கட்டைவிரலிலேயே ஒட்டிக்கொண்டது. இன்னொன்றைப் பிரித்தான். அது கோணலாகப் போய் பாதிக் காயத்தில்தான் உட்கார்ந்தது.

ஹேட்டி குனிந்து முழங்காலைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். அழுகை எப்போதோ நின்றுவிட்டிருந்தது.

"பரவால்லப்பா," என்று அவன் தோளில் தட்டிக் கொடுத்தாள். "நீ இன்னிக்குத்தானே வெளையாட வந்திருக்க. மத்த நாளெல்லாம் கார்லி அக்காதான் அப்பா. அவ இன்னிக்கு ஃப்ரெண்டு வீட்டுக்குப் போயிட்டா."