வீட்டு நாற்காலி

“நோயாளிக்கான சாமான்னு போட்டா வரியே கிடையாதும்மா,” என்றார் சுங்க அதிகாரி.

“வேண்டாம் தம்பி. வீட்டு நாற்காலின்னே போடுங்க,” என்றாள் அந்த அம்மாள்.

அதிகாரிக்குத் தலை சுற்றியது. வெளிநாட்டிலிருந்து அவள் மகள் அனுப்பிய சாய்வு நாற்காலி அது. பொத்தானை அழுத்தினால், உட்கார்ந்திருப்பவரை மெல்லத் தூக்கி நிற்க வைக்கும். டாக்டர் சான்றிதழும் கூடவே இருந்தது. வரியைக் குறைக்கச் சொல்லிச் சண்டை போடுகிறவர்களைத்தான் அவர் இதுவரை பார்த்திருக்கிறார்.

“வீட்டு நாற்காலின்னா விலையில கால்வாசி வரி கட்டணும், தெரியுமா?”

“தெரியும். கட்டிடறேன்.”

ஏதோ வில்லங்கம் என்று தோன்றியது. பெட்டியைப் பிரித்து, மெத்தையைக்கூடத் தட்டிப் பார்த்தார். ஒன்றும் சிக்கவில்லை.

“எனக்கு ஒண்ணுமே புரியலைம்மா. யாருக்கு இது?”

“என் வீட்டுக்காரருக்கு. பக்கவாதம் வந்து எட்டு மாசமாச்சு. ஆனா நோயாளின்னு யாராவது சொன்னா போதும், அன்னிக்கு முழுக்கச் சாப்பிட மாட்டார்.”

“சரி, நாங்க காகிதத்துல எழுதறதை அவர் எங்கே பார்க்கப் போறார்? யாரும்மா இதையெல்லாம் படிக்கிறாங்க?”

“அவர் படிப்பார் தம்பி. நீங்க உட்கார்ந்திருக்கிற இதே இடத்துல இருபத்தெட்டு வருஷம் உட்கார்ந்து, எந்தச் சாமான் எந்த வகைன்னு எழுதினவர். முதல்ல காகிதத்தைத்தான் கேட்பார். அப்புறம்தான் நாற்காலியில உட்காருவார்.”

அதிகாரி டாக்டர் சான்றிதழை மடித்து அவளிடமே திருப்பிக் கொடுத்தார். பிறகு நிதானமாக, தெளிவான எழுத்தில் எழுதினார்: ‘சாய்வு நாற்காலி. வீட்டு உபயோகம்.’