பாப்பாவுக்கு மூன்று பக்கம்

விவாகரத்து வழக்கு நடக்கும்போதே அவளுக்கு வெளிமாநிலத்துக்கு மாற்றல் வந்தது.

"பாப்பாவுக்குப் பரீட்சை முடியட்டும், நானே கொண்டுவந்து விடறேன்," என்றான் கணவன். "அவளுக்கு என்னென்ன வேணும்னு எழுதி வச்சிட்டுப் போ. எனக்கு ஒரு எழவும் தெரியாது."

இத்தனை வருஷத்தில் அவன் ஒப்புக்கொண்ட முதல் உண்மை. மனசு இளகிப்போய், இருமல் மருந்திலிருந்து இரட்டைப் பின்னல் வரை மூன்று பக்கம் எழுதினாள்.

"கையெழுத்துப் போட்டுடு. அம்மா சொன்னதுன்னாத்தான் அவ கேப்பா."

சிரித்துக்கொண்டே போட்டாள்.

மூன்றாம் வாரம் கோர்ட்டிலிருந்து தபால் வந்தது. தாயே விட்டுவிட்டுப் போன குழந்தையைத் தன்னிடமே ஒப்படைக்கக் கோரிக் கணவன் போட்ட மனு. ஆதாரமாக, அவள் எழுதிய மூன்று பக்கம்.

கடைசி வரிக்கு மட்டும் வக்கீல் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டிருந்தார்:

'என்னைத் தேடி அழுதால் பேச்சை மாற்றுங்கள். இரண்டு நாளில் மறந்துவிடுவாள்.'