முதுகுப் பையோடு ஒரு மணப்பெண்

"இது நீர்தானே, பிள்ளை?"

யோகராணி தன் கைபேசியை மேசை நடுவில் வைத்து, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். ஒரு ரயில் நிலையம். முதுகில் பென்னம்பெரிய பையோடு சாம்பவி. இரண்டு பக்கமும் அதே கோலத்தில் இரண்டு சிநேகிதிகள்.

"ஓம் அன்ரி. வெரோனா ஸ்டேஷன். போன கோடையிலை இத்தாலிக்குப் போனனாங்கள்."

பாரிஸின் ரூ லூயி-பிளாங் தெருவில் இருந்த அந்தச் சாப்பாட்டுக் கடையில் பெண் பார்க்கும் படலம் தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. யோகராணியின் பக்கத்தில் மகன் ஐங்கரன். எதிரே சாம்பவியும் அவளுடைய அப்பா தவரத்தினமும். மகனின் யாரோ சிநேகிதன் மூலம் வந்த சம்பந்தம். சாதகம் எழுபது வீதம் பொருத்தம்.

வடையும் பால் விடாத பிளேன்ரீயும் வந்தன. ஐங்கரன் சீனி போடாத கோப்பையைப் பார்த்து எடுத்துச் சாம்பவியின் பக்கம் நகர்த்திவிட்டு, மறுபடி தலையைக் குனிந்துகொண்டான். மாப்பிள்ளைக்கு வெட்கம் போலும் என்று தவரத்தினம் தனக்குள் சிரித்தார்.

"எத்தினை நாள்?" என்றாள் யோகராணி.

"பத்து நாள். தூரின், மிலான், வெரோனா, வெனிஸ். எல்லாம் ரயில்தான்."

"படுக்கிறது?"

"ஹொஸ்ரல். ஒரு அறைக்குள்ளை எட்டுக் கட்டில்."

யோகராணி கண்ணை மூடித் திறந்தாள். "நாங்களும் பையைத் தூக்கிக்கொண்டு நாடு நாடாத் திரிஞ்சனாங்கள்தான். அது உயிர் தப்ப. வீடு வாசல் இருக்க, நீர் என்னத்துக்குப் பிள்ளை அகதி வேஷம் போட்டனீர்?"

"இடம் பாக்கத்தான், அன்ரி."

உண்மையில் யோகராணிக்குப் பெண்ணைப் பிடித்திருந்தது. நகரசபையில் நிரந்தர வேலை, பிரெஞ்சுக் குடியுரிமை, ஒரே பிள்ளை. ஆனால் வரப்போகும் மருமகளைப் பற்றி ஒரு குறையாவது கைவசம் இருந்தால் பின்னுக்கு உதவும் என்று நினைத்தாள்.

"மூண்டு பெட்டையளும் படத்துக்குள்ளை நிக்கிறியள். அப்ப படம் எடுத்தது ஆர்?"

"எங்களோடை வந்த ஒரு பொடியன், அன்ரி."

"பொடியன்!" பக்கத்து மேசைக்காரர் கையில் தோசையோடு திரும்பிப் பார்த்தார். யோகராணி அவரிடமே முறையிட்டாள். "கேட்டியளே அண்ணை? பொடியளும் போயிருக்கினம்!"

"என்னட்டைச் சொல்லிப்போட்டுத்தான் போனது, தங்கச்சி," என்றார் தவரத்தினம். "மூண்டு பெட்டையள், ரெண்டு பொடியள். எனக்குத் தெரியும்."

"உங்களுக்குத் தெரியும். அந்தப் பொடியன்ரை வீட்டுக்கு?"

"அவன் சொல்லேல்லை, அன்ரி," என்றாள் சாம்பவி. "அம்மாவுக்குப் பயம். வேலை விஷயமா வேறை ஊரிலை நிக்கிறன் எண்டு ஒவ்வொரு பின்னேரமும் போன் எடுத்துப் பொய் சொல்லுவான்."

யோகராணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அந்த மனுசி அதை நம்பினவவே?"

"பத்து நாளும் நம்பினவ."

"என்ன மடைச்சியப்பா!"

ஐங்கரனுக்குப் புரையேறியது. யோகராணி அவன் உச்சியில் தட்டியபடியே, "பிறகு?" என்றாள்.

"வெரோனாவிலை ரயில் வெளிக்கிட அஞ்சு நிமிசம் இருந்தது. இத்தாலி மொழியிலை அறிவிக்கிறது அம்மாவுக்குக் கேட்டிடும் எண்டு, போனோடை பிளாட்போம் அந்தத்துக்கு ஓடினவன். ரயில் அவனை விட்டிட்டுப் போட்டுது. அவன்ரை பை, பாஸ்போட் எல்லாம் எங்களோடை. நாங்கள் அடுத்த ஸ்டேஷனிலை இறங்கித் திரும்பி வந்தால், ரெண்டு பொலிஸ் அவனை நடுவிலை வைச்சுக் கடதாசி கேக்கினம். அவன் அப்பவும் போனைக் காதிலை வைச்சு, 'ஓம் அம்மா, சாப்பிட்டன் அம்மா' எண்டுறான்."

யோகராணி கண்ணீர் வரச் சிரித்தாள். கைலேஞ்சியால் முகத்தை ஒற்றிக்கொண்டாள். சாம்பவி சிரிக்கவில்லை.

"நல்லவன், அன்ரி. என்னைக் கலியாணம் கட்டவும் கேட்டவன்."

சிரிப்பு நின்றது. "நீர் என்ன சொன்னனீர்?"

"முதல்லை அம்மாட்டை உண்மையைச் சொல்லும் எண்டனான். சொல்லுறன் எண்டு சத்தியம் பண்ணினவன். ஒரு வருசமாச்சு. இண்டைக்குச் சொல்லுவான், இண்டைக்குச் சொல்லுவான் எண்டு நானும் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்."

"பைத்தியமே உமக்கு?" யோகராணி மேசையில் தட்டினாள். போட்டிக்கு ஒருவன் இருக்கிறான் என்றதும் குரலில் பாசமும் சேர்ந்துகொண்டது. "தாயிட்டை வாய் திறக்கேலாதவன், நாளைக்குப் பெண்சாதிக்காக எங்கை வாய் திறக்கப் போறான்? நான் உம்மடை தாய் மாதிரிச் சொல்லுறன், கேளும். அப்பிடிப்பட்டவனை முகத்துக்கு நேரை வேண்டாம் எண்டு சொல்லிப்போடோணும்."

சாம்பவி ஐங்கரனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொல் போதும் என்பது போன்ற பார்வை.

ஐங்கரன் வடையை இரண்டாகப் பிய்த்தான். பிறகு நாலாகப் பிய்த்தான்.

சாம்பவி எழுந்து கைப்பையைத் தோளில் போட்டாள். அப்பாவையும் கையைப் பிடித்து எழுப்பினாள்.

"சரி அன்ரி. உங்கடை மகன் எனக்கு வேண்டாம்."