கூறைச்சேலைக்குள் ஒரு பேட்ஜ்

“இதை எவன் உனக்குக் கொடுத்தான்? அதை மட்டும் சொல்லு சொர்ணம்.”

தவசி நீட்டிய உள்ளங்கையில் ரூபாய்க் காசு அளவில் ஒரு பித்தளை பேட்ஜ் கிடந்தது. சொர்ணத்தாய் உளுந்து புடைத்துக்கொண்டிருந்த சுளகைக் கீழே வைத்தாள்.

“எங்கன எடுத்தீங்க?”

“உன் பெட்டியில, கூறைச்சேலை மடிப்புக்குள்ள. பூச்சி அரிச்சிருமே, வெயில்ல போடலாம்னு எடுத்தேன். சேலையை ஒண்ணும் அரிக்கல. என் நெஞ்சைத்தான் அரிக்குது.”

கோவில்பட்டியில் மில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற தவசிக்கு மிலிட்டரி பேட்ஜ் என்றால் உயிர். வாலிபத்தில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று ஓடினார். மார்பளவு ஒரு அங்குலம் குறைகிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த ஆற்றாமையில் முப்பது வருஷமாக ஊர் ஊராக அலைந்து, பழைய பட்டாளத்துக்காரர்களிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு கண்ணாடிப் பெட்டி நிறையச் சேர்த்துவிட்டார். புதுசாக வார்த்து, கரிசல் மண்ணில் ஆறு மாசம் புதைத்து எடுத்து, ‘வெள்ளைக்காரன் காலத்துச் சாமான்’ என்று விற்க வருகிறவனை வாசலிலேயே விரட்டிவிடுவார். ஒருமுறை மட்டும், பேட்ஜுகளைத் துலக்கிக்கொண்டிருந்த சொர்ணத்தாய், “இந்தக் கொக்கியைத் தலைகீழாப் பத்த வச்சிருக்கான். மாட்டுனா மூணாம் நாள் விழுந்துரும்” என்றாள். “அடுப்படியில கிடக்கவளுக்கு இதுல என்னட்டி தெரியும்?” என்று வாயை அடைத்துவிட்டார்.

இன்று காலையிலிருந்து இந்த ஒரு பேட்ஜைப் பூதக்கண்ணாடி வைத்து நாலு தடவை பார்த்தாகிவிட்டது. இந்திய வரைபடம் போட்ட நேதாஜி படை பேட்ஜ். துலக்கித் துலக்கி மேடெல்லாம் மழுங்கியிருந்தது. இடுக்குகளில் பாலீஷ் வெள்ளையாக உறைந்திருந்தது. பின்னால் ஆணியால் கீறிய எண், 47. வாழ்க்கையிலேயே முதல்முறையாக, ‘இது போலியாக இருந்துவிடக் கூடாதா’ என்று சாமியைக் கும்பிட்டார் தவசி. சாமி காதில் விழவில்லை. சுத்தமான அசல். அசல் என்றால், அதைச் சட்டையில் குத்திக்கொண்டு திரிந்த ஒருவன் இருந்தாக வேண்டுமே!

“நான் சொல்ல ஏலாதுங்க” என்றாள் சொர்ணத்தாய். “மலேயாவுல இருந்து கப்பல்ல வந்து இறங்குன அன்னைக்கே எங்க ஐயா சத்தியம் வாங்கிட்டாவ. இது வெளிய தெரிஞ்சா உன்னை எவனும் கட்ட மாட்டான்னு அழுதாவ.”

“விஷயம் அவ்வளவு தூரம் போயிருக்கு!”

“ஆமா. பர்மா வரைக்கும் போச்சு.”

“ஆள் யாருன்னு எனக்குத் தெரியும்டி!”

தெரியாமல் என்ன? கடம்பூர் ராமசுப்புதான். மலேயாவில் இவள் இருந்த அதே எஸ்டேட். நேதாஜி படையில் லாரி ஓட்டியவர். வருஷத்துக்கு நாலு தடவை போளிப் பொட்டலத்தோடு வந்து நிற்பார். “உம்ம பேட்ஜைத் தாருமய்யா” என்று தவசி கேட்கும்போதெல்லாம், “லாரிக்காரனுக்கு ஏது பேட்ஜு?” என்று சிரிப்பார். கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுத்துவிட்டுச் சிரித்திருக்கிறார்! அது போகட்டும், தவசி “உட்காரும்” என்றால் அந்த மனுஷன் உட்கார மாட்டார். சொர்ணத்தாய் வந்து “உட்காருங்க அண்ணாச்சி” என்றால்தான் உட்காருவார். அண்ணாச்சியாம், அண்ணாச்சி!

“இன்னைக்கு வாரான்ல? கேட்டுருதேன். அவன் வாயால உண்மை வந்துட்டா, நீ பெட்டியைக் கட்டிக்கிட்டு உன் தம்பி வீட்டுக்குப் போயிரணும். ஆமா!”

“தாராளமாக் கேளுங்க. சத்தியம் பண்ணுனது நான்தான். அவிய இல்ல” என்று சொல்லிவிட்டு அவள் காப்பி போடப் போய்விட்டாள்.

பதினொரு மணிக்கு ராமசுப்பு வந்தார். செருப்பில் அப்பியிருந்த கரிசல் சகதியைப் படியில் வழித்துவிட்டு, போளிப் பொட்டலத்தை மேஜைமேல் வைத்தார்.

“உட்காரும்.”

“இருக்கட்டும் அண்ணாச்சி.”

“ஏன், அவ வந்து சொல்லணுமோ?” தவசி பேட்ஜை மேஜையில் பொட்டென்று போட்டார். “இது யாருதுவே? உள்ளதைச் சொல்லும்!”

ராமசுப்பு அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அந்த எண்ணைக் கண்டதும் அவர் கண் கலங்கிவிட்டது. தவசிக்கு இதற்கு மேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை. முப்பது வருஷமாக நம்மை மடையனாக்கியிருக்கிறார்களே என்று வாய்விட்டுக் கத்தப் போனார்.

அதற்குள் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. ராமசுப்புவின் குதிங்கால்கள் இரண்டும் டக்கென்று சேர்ந்தன. கை விறைப்பாக நெற்றிக்கு ஏறியது.

“நாப்பத்தேழு! இதை இன்னுமா வச்சிருக்கீங்கம்மா? நேதாஜியோட பொம்பளைப் பட்டாளம், ஜான்சி ராணி படையில இதைக் குத்திக்கிட்டுத் துப்பாக்கியோட நீங்க முன்னால நடந்து வந்தா, லாரிக்காரங்க நாங்க அத்தனை பேரும் மூச்சு விட மாட்டோமே!”

காப்பித் தம்ளர்களை மேஜைமேல் வைத்த சொர்ணத்தாய், தவசி ஒருநாளும் கேட்டிராத ஒரு குரலில், “கையை இறக்கு ராமசுப்பு. உட்காரு!” என்றாள்.

ராமசுப்பு உட்கார்ந்தார், அவருக்கு முன்னாலேயே தவசி உட்கார்ந்திருந்தார்.