இடக்கண்

கம்பஸில் விலங்கியல் படிக்கும் என் மகள் சிபானா, வீட்டுச் சுவரில் ஓடும் பெரிய சிலந்திகளைப் போத்தல்களில் பிடித்து, போனில் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"கண்ணைப் பாத்துத்தான் இனம் பிரிக்கிற, வாப்பா. நிந்தவூரில புடிச்சதுக்கெல்லாம் எட்டுக் கண். நம்மட ஊட்டுல புடிச்ச ஒன்பதுக்கும் ஏழுதான் இரிக்கி. இடப்பக்கம் ஒண்டு இல்ல."

இது என் தங்கை ஸபீனாவுக்குச் சீதனமாகக் கட்டிய வீடு. கலியாணத்துக்கு முந்திய வாரம் நான் ஓங்கி அறைந்ததில் அவளுடைய இடக்கண் போனது. குடும்ப மானத்துக்காக, கிணற்றடியில் விழுந்தாள் என்று ஊருக்குச் சொன்னேன். அவள் மறுத்துப் பேசவில்லை. மாப்பிள்ளை வீட்டார் விலகினர்; வீடு எனக்கு வந்தது.

சிபானா சிரித்தாள். "மாமிக்கும் இடதுதானே. அவ எப்பிடி விழுந்த, வாப்பா?"

"வழுக்கி," என்றேன்.

வலக்கையைச் சாரன் மடிப்புக்குள் மறைத்தேன். போத்தல்களில் ஒன்பது சிலந்திகளும் அந்தக் கையோடு சேர்ந்து திரும்பின.