நடு ஆற்றில் எடுத்த கணக்கு

ஒரு கால் இல்லாத வெள்ளாடு மருக்கொழுந்தைத் தினமும் கரையிலேயே விட்டுவிட்டுப் போனது யானை. ஆற்றைக் கடக்க அந்தக் காட்டுக்கே அது ஒன்றுதான் வண்டி. குரங்கு வாலைப் பிடித்து ஏறிவிடும், முயல் ஒரே தாவில் ஏறிவிடும். மருக்கொழுந்து எப்படி ஏறுவாள்? அக்கரையில் தங்கைக்குக் குட்டி பிறந்திருந்தது. பார்க்காமல் அவளுக்கு மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

"யானையண்ணே, கொஞ்சம் மண்டி போடுங்களேன்."

"முட்டி வலிக்குமே தாயி! அதற்குத் தனிக் கரும்பு ஒதுக்கணும். கரடியைக் கேள்."

கரும்புக் கிடங்கு கரடியின் பொறுப்பு. "கேட்டதும் அள்ளிக் கொடுக்க முடியுமா? தேவை இருக்கா என்று முதலில் கணக்கெடுக்கணும்" என்றபடி, அது யானை மேல் ஏறி உட்கார்ந்தது. நடு ஆற்றுக்குப் போனதும் கேட்டது:

"இங்கே ஏற முடியாதவர் யாராவது உண்டா?"

"இல்லவே இல்லை!" என்று முயலும் குரங்கும் கத்தின.

திரும்பி வந்த கரடி, "ஒருத்தருக்கும் சிரமமில்லை. கரும்பு வேண்டியதில்லை" என்றது.

மருக்கொழுந்துக்கு வந்ததே கோபம்! "ஏறி உட்கார்ந்தவர்களிடம் போய் ஏற முடிகிறதா என்று கேட்டால் வேறென்ன சொல்வார்கள், மாமா? கரையில் நிற்கிற என்னைக் கேட்டீர்களா?"

கரடி தாடையைச் சொறிந்தது. நியாயமாகத்தான் பட்டது.

"சரிம்மா, உன்னையும் கேட்டுவிடலாம். நாளைக்கும் நடு ஆற்றில்தான் கணக்கெடுப்பு. மறக்காமல் ஏறி வந்துவிடு!"